சீட் கிடைத்தது... பள்ளிக்கூடம் கிடைத்ததா?

ஆட்டிச நிலைக் குழந்தைகளும் நம் வகுப்பறைகளும் – ஒரு சிறப்புப் பார்வை

பதினோரு மணிக்கு அந்த போன் வரும். ஆட்டிச நிலைக் குழந்தையைச் சாதாரணப் பள்ளியில் சேர்த்திருக்கும் அம்மாக்களுக்கு அது அத்துப்படி. “மேடம், இன்னிக்கு ரொம்ப டிஸ்டர்ப் பண்றான். கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிடுறீங்களா?” குரலில் கோபம்கூட இருக்காது. போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்து ஓட வேண்டும். ஜூனில் வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கும் போன், ஆடி பிறப்பதற்குள் வாரத்துக்கு மூன்றாகிவிடும். “அரை நாள் மட்டும் வரட்டுமே” என்பார்கள். அப்புறம், “நீங்களும் கூட வந்து உட்காருங்களேன்.” அதற்கும் அப்புறம், “இவனுக்கேத்த ஸ்பெஷல் ஸ்கூலாப் பாருங்க. அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம்.” பள்ளி யாரையும் வெளியேற்றியதாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பையன் மட்டும் வீட்டில் இருப்பான்.

பெற்றோர் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. “மூணாவது வரைக்கும் நல்லாத்தான் போச்சு. நாலாவதுலதான் எல்லாம் கெட்டுப்போச்சு.” துருவிக் கேட்டால் விஷயம் வெளியே வரும். மூன்றாம் வகுப்பு டீச்சர் அவனை மின்விசிறிக்கு அடியில் உட்காரவைக்கவில்லை. மணி அடிக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே ஜாடை காட்டினார். நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போய்வரும் வேலையை அவனுக்கே கொடுத்தார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து அவரே கண்டுபிடித்தவை. எங்கேயும் எழுதிவைக்கவும் இல்லை. அவர் மாற்றலாகிப் போனபோது அத்தனையும் அவரோடு போய்விட்டது.

“நல்ல டீச்சர் அமையணும்” என்று வேண்டிக்கொள்கிற பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ஒரு குழந்தையின் படிப்பு யாரோ ஒருவருடைய நல்ல மனசை நம்பியா இருக்க வேண்டும்? ஆட்டிச நிலைக் குழந்தைக்குப் பள்ளியில் தேவைப்படுபவற்றில் பெரும்பாலானவை சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். பலவற்றுக்குக் காசே செலவாகாது. அவற்றை ஒருவருடைய கருணையாக விட்டுவைக்காமல், பள்ளியின் ஏற்பாடாக எழுதிவைப்பதில்தான் நாம் தவறிக்கொண்டிருக்கிறோம்.

இது யாரோ சிலருடைய பிரச்னை அல்ல. உலகில் 127 பேரில் ஒருவர் ஆட்டிச நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டிருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025இல் வெளியிட்ட கணக்கு, அந்நாட்டில் அது கண்காணித்த பகுதிகளில் 8 வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் என்கிறது. குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும், 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சுமார் நான்கு பேர் இருப்பார்கள். சிலருக்குச் சான்றிதழ் இருக்கும். பலருக்கு “வால்”, “அழுத்தக்காரன்”, “திமிர் பிடிச்சவ” என்ற பட்டங்கள்தான் இருக்கும்.

ஒரு நாளின் சத்தம்

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக முதலில் விரிவாகப் பதிவானது. எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைகள் தவித்ததையும், பெரிய சத்தங்களுக்கு நடுங்கியதையும் அவர் அப்போதே குறித்துவைத்தார். ஆனால் ஒலி, ஒளி, மணம், தொடுதல் ஆகியவற்றை உணர்வதில் இருக்கும் இந்த வேறுபாட்டை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். எழுபது ஆண்டுகள்! நம் பள்ளிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

நம் பள்ளி நாளை அந்தக் காதுகளால் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். காலையில் பிரேயர். மைக் ‘கீ...’ என்று ஒரு கூச்சல் போட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். டிரம், விசில், “அட்டென்ஷன்!” வெயில் வேறு. வரிசையில் முன்னால் நிற்பவனின் பை முகத்தில் உரசும். வகுப்புக்குள் வந்தால் மின்விசிறியின் கிரீச். பாதிச் சுவர் மட்டுமே உள்ள அடுத்த வகுப்பிலிருந்து ஏழாம் வாய்ப்பாடு கோரஸாக வரும். தலைக்கு மேல் ட்யூப் லைட் சிமிட்டும். சட்டைக் காலரின் உட்புறம் தைத்திருக்கும் லேபிள் பிடரியை அறுக்கும். எப்போது என்று தெரியாமல் மணி அடிக்கும். மதியம் சத்துணவுக் கூடத்தில் நூறு எவர்சில்வர் தட்டுகள் ஒரே நேரத்தில் சிமென்ட் தரையில் இறங்கும். அவித்த முட்டை வாசனை அடிக்கும். வெள்ளைச் சோறு மட்டுமே இறங்கும் குழந்தையின் தட்டில் சாம்பாரைக் கலந்து ஊற்றிவிடுவார்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தின் கலகலப்பு. இவனுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக, முழு வீச்சில் வந்து விழுகிறது. ‘டிஸ்டர்ப்’ செய்தான் என்று பதினோரு மணிக்கு போன் போடும்போது, காலை ஒன்பதிலிருந்து அவனை எத்தனை விஷயங்கள் ‘டிஸ்டர்ப்’ செய்திருக்கின்றன என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இதற்கு நேர்மாறான குழந்தைகளும் உண்டு. போதுமான அளவு உணர்வு கிடைக்காமல் குதிப்பார்கள், சுற்றுவார்கள், காலரை மென்றுகொண்டே இருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்ந்து அழுத்துவார்கள். இரண்டும் ஒரே குழந்தையிடம் வெவ்வேறு நேரங்களில் இருக்கலாம்.

இதற்கெல்லாம் மாற்று இருக்கிறது. பிரேயரில் வரிசையின் கடைசியில் டீச்சர் பக்கத்தில் நிற்கட்டும். முடியாவிட்டால் பத்து நிமிஷம் தள்ளி வரட்டும். காதை மூடும் ஹெட்போன் ஒன்று பையில் இருக்கட்டும். லேபிளை வெட்டிவிடலாம். டை, பெல்ட் இல்லாமலும் பாடம் ஏறும். சத்துணவுக் கூடத்தில் கூட்டம் சேருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு அவனை உட்காரவைத்துவிடலாம். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுக்கலாம். நூலக அலமாரிக்குப் பின்னால் ஒரு பாய் விரித்தால், அதுவே சத்தம் குறைந்த மூலை. தாங்க முடியாதபோது கை காட்டிவிட்டு அங்கே போய் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு வருவான். ஒன்றே ஒன்று முக்கியம்: அந்த மூலையைத் தண்டனைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஒரு தடவை ‘போய் அங்க உட்காரு’ என்று விரட்டினாலும் அந்த இடம் கெட்டுவிடும்.

கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது?

அடத்துக்கும் மெல்ட் டவுனுக்கும் வித்தியாசம் உண்டு. பொம்மை கேட்டு அடம்பிடிக்கும் குழந்தை நடுநடுவே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். பொம்மை கிடைத்ததும் அழுகை நிற்கும். மெல்ட் டவுனில் குழந்தைக்கு வேண்டியது எதுவுமே இல்லை. தாங்கும் அளவு தாண்டிவிட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அறிவுரை, அதட்டல், “ஏன் இப்படிப் பண்ற?” என்ற கேள்வி எல்லாமே இன்னொரு சத்தம். ஆட்களைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கும்வரை பக்கத்தில் இருப்பது ஒன்றே வழி.

செய்ய வேண்டிய வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் ஒரு நோட்டில் மூன்று கோடு போடச் சொல்வார்கள். நடந்தது என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதற்குப் பின் என்ன கிடைத்தது. உதாரணத்துக்கு, கையைக் கடித்துக்கொள்ளும் ஒரு சிறுமி. ‘திடீர்னு கடிச்சுக்கிறா’ என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால், கடித்த நாள்களில் பெரும்பாலும் மூன்றாவது பீரியடுக்கு வேறு டீச்சர் வந்திருப்பார். கடித்ததும் அவளை வெளியே அழைத்துப்போயிருப்பார்கள். அப்படியானால் அது ‘திடீர்’ அல்ல. வேறு டீச்சர் வரும் செய்தி அவளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது ஒன்று. வெளியே போக வேண்டும் என்றால் கையைக் கடிக்காமல் கேட்பதற்கு அவளுக்கு ஒரு வழி வேண்டும் என்பது இரண்டு. அடிப்பதாலும் முட்டிபோட வைப்பதாலும் இந்த இரண்டில் எதுவும் நடக்காது. உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்பது தனி.

முடிந்தது – அடுத்து – இன்று மாற்றம்

வேறு டீச்சர் வரும் செய்தியை முன்கூட்டியே எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். கண்ணுக்கு முன்னால் இருந்தால் நிற்கும். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் உருவாக்கிய ‘டீச்’ முறை 1972இல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமானது. ஆட்டிச நிலைக் குழந்தைகளில் பலர் கேட்டுப் புரிந்துகொள்வதைவிடப் பார்த்துப் புரிந்துகொள்வதில் வல்லவர்கள். அதற்கேற்ப இடத்தையும் நேரத்தையும் வேலையையும் கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கிக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். சார்ட் அட்டை, கத்தரிக்கோல், ஒரு முழம் வெல்க்ரோ போதும். நாளின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளங்கை அளவில் ஒரு படம்: பிரேயர், தமிழ், இன்டர்வெல், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. மேலிருந்து கீழாக ஒட்டி, மேசை ஓரத்திலோ சுவரிலோ வைக்க வேண்டும். அடியில் ‘முடிந்தது’ என்று எழுதிய உறை. தமிழ்ப் பீரியட் முடிந்ததும் குழந்தையே அந்தப் படத்தைப் பிய்த்து உறைக்குள் போடும். இனி வரப்போவது என்ன, வீடு எவ்வளவு தூரம் என்பது கண்ணுக்குத் தெரியும். இது இல்லாத பள்ளி நாள் அந்தக் குழந்தைக்கு, பெயர்ப்பலகை இல்லாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

இந்த அட்டைகளில் மிக முக்கியமானது ‘இன்று மாற்றம்’ என்ற அட்டை. நம் பள்ளிகளில் மாற்றத்துக்குப் பஞ்சமே இல்லை. டீச்சர் தேர்தல் வேலைக்குப் போவார், ஆண்டு விழா ஒத்திகைக்காகப் பாதி வகுப்பு காலியாகும், மழை வந்தால் விளையாட்டு கிடையாது. மாற்றத்தை ஒழிக்க முடியாது. கணக்கு அட்டையின் மேல் ‘மாற்றம்’ அட்டையை ஒட்டி, பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று காட்டிவிட்டால் பாதிக் கலவரம் அடங்கிவிடும்.

பேசாத, குறைவாகப் பேசும் குழந்தைகளுக்கும் படம்தான் கைகொடுக்கிறது. படத்தைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் ‘பெக்ஸ்’ முறையை 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கினார்கள். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியில் படத்தைத் தொட்டால் டேப்லெட் பேசும்; தமிழிலும் பேசும். “இதைக் கொடுத்தால் அப்புறம் பேசவே மாட்டான்” என்று பயப்படும் பெற்றோர் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ‘தண்ணி’, ‘வலிக்குது’, ‘போதும்’ என்ற மூன்றையும் சொல்ல ஒரு வழி இருந்தாலே கையைக் கடிக்க வேண்டிய தேவை குறையும்.

“வெளியே போ!” என்றால் போய்விடுவான்

சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் குழந்தைகள் இவர்கள். “வாயை மூடு” என்றால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பான், வகுப்பே சிரிக்கும், நக்கலடிக்கிறான் என்று டீச்சர் நினைப்பார். கோபத்தில் “வெளியே போ” என்றால், வராந்தாவோடு நிற்காமல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விடுவான். அதில் உயிர் ஆபத்து இருக்கிறது. ‘ஓடாதே’ என்பதைவிட ‘நடந்து வா’ என்பது அவனுக்கு எளிது. ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு வாக்கியம். சொல்லிவிட்டுப் பதிலுக்காக மனசுக்குள் பத்து எண்ணிக்கொண்டு காத்திருப்பது. இவை எந்த டீச்சரும் நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடியவை.

நம் மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்க’ என்பது என்ற கணக்கை மற்ற பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்வார்கள். இந்தக் குழந்தை ஹெட்மாஸ்டரைப் பார்த்து “நீ எப்ப வந்த?” என்று கேட்டுவிடும். கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்வதால், “உனக்குப் பசிக்குதா?” என்றால் “உனக்குப் பசிக்குது” என்று பதில் வரும். டப்பிங் கார்ட்டூனில் தமிழ் கற்ற பிள்ளை “நான் தண்ணீர் அருந்த விரும்புகிறேன்” என்று புத்தகத் தமிழில் பேசும். முதலாவது திமிராகத் தெரியும், மற்றவை வேடிக்கையாகத் தெரியும். இடைவேளையில் சுற்றி நின்றுகொண்டு “டேய், அந்த விளம்பரத்தைச் சொல்லு, சொல்லு” என்று அவனைப் பேசவைத்துச் சிரிக்கும் கூட்டத்தையும் பார்க்கலாம். அவனுக்கு அது நட்பு என்றே தோன்றும். கேலி என்று புரியும் நாளில்தான் “ஸ்கூலுக்குப் போக மாட்டேன்” ஆரம்பமாகும்.

வகுப்புக்கு ஒருமுறை உட்கார்ந்து சொல்ல வேண்டும். நோயின் பெயரோ பரிதாபமோ அந்தப் பேச்சில் வேண்டாம். “அவனுக்குச் சத்தம் பிடிக்காது, முன்னாடி வந்து நின்னு கூப்பிடு, விளையாட்டு ரூலை ஒருதடவை வரிசையாச் சொல்லு” என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரியும். ஆட்டிச நிலையில் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்று மட்டும் சொல்வது ஒருதலைப்பட்சம். நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்றார். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிச நிலையினர் மட்டும் இருந்த வரிசையிலும், மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதறியது. ஆக, கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வகுப்பில் உள்ள எல்லாரும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைகள்தான் இருந்தன. அந்தப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியபோது உள்ளே வந்தது. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பெற்றோர் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு. அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். அந்தந்த மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும். ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்வுசெய்யும் உரிமை குடும்பத்துக்கே. ‘இவனுக்கேத்த ஸ்கூல் பாருங்க’ என்று சொல்லும் உரிமை பள்ளிக்கு இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுவைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். 2012 திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் குழந்தைகளும் 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்குரிய ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்’ வருகிறார்கள். பள்ளி மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு.

‘சான்றிதழ் இருக்கா? எத்தனை பர்சென்ட்?’ என்பதுதான் பள்ளி அலுவலகத்தின் முதல் கேள்வி. ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் ‘ஈசா’ என்ற அளவுகோல் இருக்கிறது. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண். 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை. சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆனால் அது அளவைச் சொல்லுமே தவிர, இந்தக் குழந்தைக்கு மணிச் சத்தம் ஆகாது என்பதைச் சொல்லாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த இடத்தில் உதவும். கை எழுத வராத ஒரு தேர்வருக்கு, 40 சதவீதம் இல்லை என்பதைக் காட்டி ‘சொல்வதை எழுதுபவர்’ வசதியை மறுத்த வழக்கு அது. தேவைக்கேற்ற ஏற்பாடு என்பது சதவீதத்தோடு கட்டிப்போடக் கூடியதல்ல, ஒவ்வொருவர் நிலையையும் பார்த்துச் செய்ய வேண்டியது என்று நீதிமன்றம் சொன்னது.

யார் செய்வது?

ஆசிரியர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சிலபஸை முடித்து, பதிவேடுகளை எழுதி, இதையும் எப்போது செய்வது? பயிற்சிப் படிப்பில் உள்ளடக்கிய கல்வி பற்றிப் படித்ததெல்லாம் தேர்வோடு போய்விட்டது. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டும். ஒரு பள்ளிக்கு வரும் நாளில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள் அவர்கள். தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், நடுநிலை மற்றும் அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது. அந்த விகிதத்தில் நிரந்தரப் பணியிடங்கள் வந்தால்தான் பொது ஆசிரியரின் தோளில் இருக்கும் சுமை இறங்கும்.

அதுவரை அந்த இடத்தை நிரப்புவது அம்மாக்கள். தனியார் பள்ளிகளில் அந்தக் குழந்தைக்கென்றே தனியாக ஒரு ‘ஷேடோ டீச்சர்’ வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சம்பளம் பெற்றோர் தலையில். கொடுக்க முடியாதவர்கள் வேலையை விட்டுவிட்டு வகுப்பு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஷேடோ டீச்சர் வேண்டிய குழந்தைகள் உண்டுதான். ஆனால் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, கையைப் பிடித்து எழுதவைத்து, அவனுக்குப் பதிலாகப் பதிலும் சொல்லும் ஷேடோ டீச்சரால், வகுப்பு டீச்சருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் எழும். அவர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போக வேண்டும் என்பதையும், எப்போது எந்த அளவு விலகுவார் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு சிறப்புக் குழந்தைக்குமான தனிநபர் கல்வித் திட்டம் 1975இல் வந்த சட்டத்திலிருந்தே சட்டபூர்வமான ஆவணம். 2017இல் எண்ட்ரூ என்ற ஆட்டிச நிலை மாணவரின் வழக்கில், ஒப்புக்குக் கொஞ்சம் முன்னேறினால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற உண்மையான முன்னேற்றத்தை அந்தத் திட்டம் தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இங்கேயும் அந்தத் திட்டத்தை எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது சிறப்புப் பயிற்றுநரின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. கணக்கு டீச்சரும் பி.டி. மாஸ்டரும் அதைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

தேர்வு வரும்போது

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் மாற்றுத்திறன் மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளைத் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். தலைமை ஆசிரியர் வழியாக, சான்றிதழோடு, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஹால் டிக்கெட் வந்தபிறகு அலைவதில் பயனில்லை. கூடுதல் நேரத்தோடு எல்லாம் முடிந்துவிடாது. முன்பின் தெரியாத எழுதுநர் பக்கத்தில் உட்கார்ந்தாலே பேச்சு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வு மையத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்ப்பதும், எழுதுநரோடு பழகுவதும், சத்தமில்லாத அறையும் கூடுதல் நேரத்துக்குச் சமமான தேவைகள். இந்தப் பாதையே ஒத்துவராதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது; பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம்.

ஒரே ஒரு பக்கம்

*பள்ளி திறக்கும் வாரத்தில் பெற்றோரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து எழுதிக்கொள்ள வேண்டியவை. ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.*

– எதில் கெட்டிக்காரன், எது பிடிக்கும். (முதல் வரியே இதுதான். ரயில் நேரமோ, கோலமோ, வரைபடமோ, பாடத்துக்குள் நுழையும் வாசல் அங்கேதான் இருக்கும்.)

– எந்தச் சத்தம், வாசனை, தொடுதல், துணி ஆகாது. அதற்கு என்ன செய்கிறோம்.

– வேண்டியதை எப்படிச் சொல்வான்: பேச்சா, படமா, ஜாடையா. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் எது அடையாளம்.

– தாங்க முடியாமல் போவதற்கு முன் தெரியும் அறிகுறிகள், அப்போது செய்ய வேண்டியது, செய்யவே கூடாதது.

– எங்கே உட்காருவான், அமைதி மூலை எது, மாற்றத்தை அவனுக்கு யார் சொல்வார்.

– வகுப்பாசிரியர் வராத நாளில் யார் பொறுப்பு.

– பெற்றோரை எந்தச் சூழ்நிலையில் அழைப்பது. (‘டிஸ்டர்ப் பண்றான்’ என்பது காரணமாகாது.)

– இந்தப் பருவத்துக்கான மூன்று இலக்குகள், சரிபார்க்கும் தேதி.

இந்தப் பக்கத்தில் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியர்களிடமும், சத்துணவு அமைப்பாளரிடமும், வேன் டிரைவரிடமும் ஒரு நகல் இருக்க வேண்டும். பெற்றோரிடம் ஒன்று.

ஏப்ரலில் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, மாற்றுத்திறன் உண்டா என்பது வரை அதில் ஏறுகிறது. சிறப்புக் குழந்தைகளை அடையாளம் காண ‘நலம் நாடி’ செயலியையும் துறை கொண்டுவந்தது. எத்தனை பேர், எந்த வகை என்று எண்ணுவதற்கான வசதி நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அதே தளத்தில் அந்த ஒரு பக்கத்தையும் ஏற்றிவிட்டால், குழந்தை நான்காம் வகுப்புக்குப் போனாலும் திருச்சியிலிருந்து தேனிக்குப் போனாலும் அது கூடவே போகும். புது டீச்சர் முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதே படித்துவிடலாம். ஜூன், ஜூலை முழுவதையும் பழையபடி முதலிலிருந்து தொடங்கிப் பிள்ளையைப் பாடாய்ப்படுத்த வேண்டியதில்லை.

துறை செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏப்ரலின் கடைசி வேலை வாரத்தில் இந்த வருட டீச்சரும் அடுத்த வருட டீச்சரும் பெற்றோரோடு அரை மணி நேரம் உட்காரட்டும். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பக்கத்தைத் திருத்தி எழுதட்டும். முடிந்தால் பையனை அடுத்த வகுப்பறைக்கு ஒருமுறை அழைத்துப்போய், உட்காரப்போகும் இடத்தைக் காட்டட்டும். அந்த அறையின் போட்டோ ஒன்று மே மாதம் முழுவதும் அவன் வீட்டில் இருக்கட்டும்.

நல்ல டீச்சர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். இந்த ஏற்பாடுகளில் பாதி அவர்கள் வகுப்பறையில் கண்டுபிடித்தவைதான். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்கள் கண்டுபிடித்ததை எழுதிவைத்துக்கொள்வது. மாற்றல் உத்தரவு டீச்சருக்கு வரலாம். பையனுக்குச் செய்துவைத்த ஏற்பாட்டுக்கு வரக் கூடாது.